வாட்ஸ்அப்பில் வருவது கேரளா லாட்டரி இல்லைங்க

கேரள அரசு லாட்டரியின் ஓணம் பம்பர் (பண்டிகைக்கான பெரிய பரிசுச் சீட்டு) குலுக்கல் நெருங்கினாலே இந்தப் பேச்சு கிளம்பிவிடும்: "நம்ம ஊர்க்காசு வாளையார் எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போகுது, இங்கேயே லாட்டரியைத் திறந்துவிட்டா என்ன?" 2023-இல் அந்த பம்பரின் முதல் பரிசு 25 கோடி திருப்பூர்க்காரர்கள் நாலு பேருக்கு விழுந்தபோது சத்தம் இன்னும் கூடியது. திறந்தால் திருட்டு லாட்டரி ஒழியும் என்பதுதான் இவர்கள் சொல்லும் முக்கியக் காரணம். ஒழியாது.

கேரள அரசு 1967 நவம்பர் 1 அன்று ஒரு ரூபாய்ச் சீட்டை வெளியிட்டது. முதல் பரிசு 50,000. குலுக்கல் 1968 ஜனவரி 26. அதே 1968-இல் அண்ணா ஆட்சியில் நம் தமிழ்நாட்டுப் பரிசுச்சீட்டும் வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' அந்தக் காலத்து வாசகம்தான். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிக்கும் தடை போட்டது.

நடுவில் 1998-இல் மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஒரே ஓர் இலக்கத்தை மட்டும் வைத்துப் பரிசு தரக் கூடாது. சீட்டை அரசே அச்சிட வேண்டும், குலுக்கலையும் அரசே தன் மாநிலத்துக்குள் நடத்த வேண்டும். ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரே குலுக்கல், வருஷத்துக்கு ஆறு பம்பர், அதற்கு மேல் கிடையாது. கேரளாவில் தினமும் குலுக்குகிறார்களே என்று கேட்கலாம். அதனால்தான் திங்கள் பாக்யதாரா, செவ்வாய் ஸ்த்ரீ சக்தி, சனி காருண்யா என்று கிழமைக்கு ஒரு பெயர். பம்பரும் கணக்காக ஆறுதான். சட்டத்தை எழுதியவரைவிட படித்தவர் கெட்டிக்காரர்!

இப்போது நம் ஊர்த் திருட்டு லாட்டரியான 'மூணு நம்பர்' சமாச்சாரத்துக்கு வருவோம். துண்டுச்சீட்டில் மூன்று இலக்கம் எழுதித் தருவார்கள். அல்லது வாட்ஸ்அப்பில் நம்பரை அனுப்பி ஜிபேயில் பணம் போடச் சொல்வார்கள். அன்றைய கேரள முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் பொருந்தினால் பணம். கேரள அரசுக்கும் இதற்கும் சம்பந்தம் அந்த ரிசல்ட் மட்டுமே. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். சீட்டு 60 ரூபாய், பரிசு 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் எண்ணும் விற்றால் வசூல் 60,000, கொடுப்பது 25,000. வரி இல்லை, அச்சுக்கூலி இல்லை. ஒரே எண்ணில் நிறையப் பேர் கட்டி அது விழுந்துவிட்டால் ஏஜென்ட் போனை அணைத்துவிட்டுப் போய்விடுவார். கையில் இருக்கும் துண்டுக் காகிதத்தை வைத்து எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பீர்கள்?

லாட்டரி சட்டப்படி நடக்கும் கேரளாவிலேயே இதே ஆட்டம் 'எழுத்து லாட்டரி' என்ற பெயரில் ஓடுகிறது, போலீஸ் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அரசுச் சீட்டு பக்கத்துக் கடையில் தொங்கும்போதே இந்த நிலை. இங்கே திறந்தால் இவர்களுக்குக் கட்ட இன்னொரு ரிசல்ட் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆன்லைன் விஷயமும் இப்படித்தான். கேரள லாட்டரித் துறை ஆன்லைனில் சீட்டு விற்பதே இல்லை. சீட்டின் போட்டோவை அனுப்பி "உங்களுக்கு விழுந்திருக்கு, வரி கட்டினால் பரிசு" என்று வந்தால் அது மோசடி. உண்மையான வரி பரிசிலிருந்தே பிடிக்கப்படும், முன்பணம் யாரும் கேட்க மாட்டார்கள். அசல் காகிதச் சீட்டு கையில் இல்லாமல் பரிசும் கிடையாது. வாங்கியதும் பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். குலுக்கல் நடந்த 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். 5,000 வரை கேரள லாட்டரி ஏஜென்டிடமே வாங்கலாம்.

அந்த 25 கோடியும் முழுசாக வராது. சீட்டை விற்ற ஏஜென்ட் பங்கு 10 சதவீதம், 2.5 கோடி. மீதி 22.5-இல் 30 சதவீத வருமான வரி, 6.75 கோடி. கைக்கு வருவது 15.75. இதோடு முடிந்தது என்று நினைத்துப் பலர் செலவழித்துவிடுகிறார்கள். வரியின் மேல் போடும் கூடுதல் வரிகளான சர்சார்ஜும் செஸ்ஸும் இந்தப் பிடித்தத்தில் சேராது. புதிய வரிமுறையில் அதுவே சுமார் 2 கோடி, பிறகு நாமே கட்ட வேண்டியது.

அரசுக்கு வருமானம் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 50 ரூபாய்ச் சீட்டில் 14 ரூபாய் 29 காசு அதற்கே போகிறது, அதில் பாதி டெல்லிக்கு. பரிசு, கமிஷன், அச்சுச் செலவு எல்லாம் மிச்சமுள்ள 35 ரூபாய் சொச்சத்திலிருந்துதான்.