குழந்தையிடம் போகாதீர்கள், பாட்டியிடம் போங்கள்

வேலைக்குச் சேருமுன் இரண்டு மாதம் ஆப்பிரிக்கா போய் அநாதைக் குழந்தைகளுக்குச் சேவை செய்துவிட்டு வரலாம் என்று நினைக்கும் தம்பி தங்கைகள் இப்போது நிறையப் பேர். ஐ.டி.யில் பத்து வருடம் உழைத்துக் களைத்து, லீவு போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களும் உண்டு. நல்ல மனசு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கே போகிறோம், யாருக்கு வேலை செய்யப் போகிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கென்யாவை, அதிலும் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் கிசுமு, சியாயா, ஹோமா பே பகுதிகளை வைத்து எழுதுகிறேன். பதிவு நீளம். டிக்கெட் போடுமுன் படித்துவிடுங்கள்.

முதலில் 'அநாதை' என்ற சொல். நம் காதில் அது விழுந்தால் யாருமே இல்லாத பிள்ளை என்றுதான் தோன்றும். யுனிசெஃப் கணக்கு அப்படியில்லை. 18 வயதுக்குள் அப்பா அம்மா இருவரில் ஒருவர் இறந்திருந்தாலே அந்தப் பிள்ளை அந்தக் கணக்கில் வந்துவிடும். நம் தெருவிலேயே அப்பா இல்லாமல் அம்மா வளர்த்து ஆளாக்கிய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களை அநாதை என்று யாராவது சொன்னால் அடிக்கப் போவோம். ஏரிக்கரை ஊர்களிலும் கதை இதுதான். அங்கே எச்.ஐ.வி. ஒரு தலைமுறையையே தின்றது. 2018இல் நாடு முழுக்க எடுத்த ஆய்வில் கென்யாவின் விகிதம் 4.9 சதவீதம், ஹோமா பேயில் மட்டும் 19.6. மருந்து பரவலாகக் கிடைப்பதற்கு முன்னால் போனவர்களின் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தது பெரும்பாலும் பாட்டிகள்தான். சுவாஹிலியில் பாட்டிக்கு 'நியான்யா' என்பார்கள், தக்காளிக்கும் அதே சொல்தான். சந்தையில் தக்காளி விற்றுப் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் கிழவிகளைப் பார்த்தால் அந்தச் சொல் தற்செயல் என்றே தோன்றாது.

ஆக, பிள்ளைக்கு ஆள் இருக்கிறது. அந்த ஆளிடம் காசு இல்லை, காகிதம் இல்லை, உடம்பில் தெம்பு இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இப்போது இணையத்தில் தேடினால் உங்களுக்கு இரண்டு வகை அமைப்புகள் கிடைக்கும். ஒன்று, பிள்ளைகளைத் தங்கவைக்கும் இல்லம். இன்னொன்று, பிள்ளைகளை அவரவர் வீட்டிலேயே விட்டுவிட்டு அந்த வீட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஊர் அமைப்பு. அங்கே அதை சி.பி.ஓ. என்பார்கள். பத்து இருபது ஊர்க்காரர்கள் சேர்ந்து பதிவு செய்து நடத்துவது. முதல் வகைக்குப் போகவே போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இல்லம் எதில் ஓடுகிறது என்று பாருங்கள். வருகிற தொண்டர் வாரக் கணக்கில் கட்டணம் கட்டுகிறார். ஊர் திரும்பியதும் நன்கொடை அனுப்புகிறார். காலிக் கட்டிலுக்கு யாரும் பணம் தருவதில்லை என்பதால் கட்டில் நிரம்பியே இருக்க வேண்டும். ஏழை வீட்டுக்குப் போய் "பள்ளிக்கூடம் சேர்க்கிறோம், மூன்று வேளைச் சோறு" என்று பிள்ளையைக் கூட்டிவர ஆள் தயாராக இருக்கிறது. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. உள்ளே இருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். நேபாளத்து இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை காத்மாண்டு, பொக்காராவை உள்ளடக்கிய ஐந்தே சுற்றுலா மாவட்டங்களில் இருக்கின்றன. அநாதைகள் சுற்றுலாத் தலத்தில் மட்டுமா பிறப்பார்கள்?

"போனதும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டன, எவ்வளவு பாசம்!" என்று படத்தோடு போடுகிறார்கள். நம் வீட்டு மூன்று வயசு, முன்பின் தெரியாத ஆளைக் கண்டால் அம்மாவின் புடவைக்குள் ஒளியும். அதுதான் நல்ல வளர்ச்சி. யாரைக் கண்டாலும் ஓடிவந்து மடியில் ஏறுகிற பிள்ளை, ஆட்கள் மாறிக்கொண்டே இருந்ததில் பழுதான பிள்ளை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகர இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளை வைத்து 2000க்குப் பிறகு நடந்த ஆய்வில், சிறு வயதிலேயே வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் மேலே வந்தார்கள், இல்லத்தில் தங்கியவர்கள் பின்தங்கினார்கள். இரண்டு மாதம் கொஞ்சிவிட்டுக் கிளம்புகிற ஒவ்வொரு தொண்டரும் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பிரிவு.

கென்ய அரசுக்கே இது புரிந்துவிட்டது. 2017 நவம்பரில் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தினார்கள். 2022இல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. இல்லங்களிலிருந்து பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பும் பத்தாண்டுத் திட்டமும் அதே வருடம் வந்தது, 2032 வரைக்கும். ஆகவே இன்று "புதிதாக ஒரு இல்லம் கட்டுகிறோம், செங்கல்லுக்குப் பணம் தாருங்கள்" என்று யாராவது கேட்டால் அங்கேயே உரையாடலை முடித்துக்கொள்ளலாம்.

சரி, ஊர் அமைப்புக்குப் போகிறீர்கள். அங்கே என்ன வேலை? பிள்ளைகளோடு விளையாடுவதா என்றால், இல்லை. ரொம்ப உலர்ந்த வேலை. அதில் மிக முக்கியமானதையும் மிக உலர்ந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்: பிறப்புச் சான்றிதழ்.

2003இலிருந்து அங்கே தொடக்கக் கல்வி இலவசம். ஆனால் பள்ளி மாணவர்களின் கணினிப் பதிவு பிறப்புச் சான்றிதழ் எண்ணைக் கேட்கும். வீட்டில் பிறந்து, தாயும் போய்விட்ட பிள்ளைக்கு அது இருக்காது. தாமதப் பதிவுக்கு உதவித் தலைவரின் கடிதம் வேண்டும். அங்கே சீஃப், அசிஸ்டன்ட் சீஃப் என்பவர்கள் அரசு ஊழியர்கள், நம் வி.ஏ.ஓ. மாதிரி. அதோடு தடுப்பூசி அட்டை அல்லது ஞானஸ்நான அட்டை, பெற்றோரின் அடையாள அட்டை நகல், இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வளர்ப்பவரின் அட்டை. பாட்டியிடம் இதில் பாதி இருந்தால் அதிசயம்.

எல்லாம் இருந்தும் எங்கே உதைக்கும் தெரியுமா? பெயரில். இந்த ஏரிக்கரையில் வாழும் லுவோ மக்கள் பிறந்த பொழுதை வைத்துப் பெயரிடுவார்கள். இரவில் பிறந்தவன் ஒட்டியெனோ, மழையில் பிறந்தவன் ஒகோத், பெண்ணென்றால் அட்டியெனோ, அகோத். இதோடு ஒரு ஞானஸ்நானப் பெயர், சில சமயம் அப்பாவின் பெயர். ஒரே பையன் தடுப்பூசி அட்டையில் பிரையன் ஒட்டியெனோ, பள்ளிப் பதிவேட்டில் பிரையன் என்ற பெயரோடு அப்பா பெயர், தேவாலய அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல். பதிவு அலுவலகத்தில் மூன்றும் மூன்று பையன்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாட்டி பேருந்துக்குச் செலவழித்த காசும் போச்சு, சந்தை நாளும் போச்சு.

ஒரு தொண்டர் செய்ய வேண்டியது இதுதான்: அமைப்பின் நோட்டுப் புத்தகத்தை எக்செலில் ஏற்றுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு பத்தி, 'இருக்கிறது, இல்லை' என்று மட்டும் போடாமல் அதில் பெயர் எப்படி எழுதியிருக்கிறதோ அதை அப்படியே எழுத்து மாறாமல் ஏற்றுங்கள். முரண்படும் வரிகளுக்கு மஞ்சள் அடியுங்கள். அலுவலகத்துக்குப் போகுமுன் எது திருத்தப்பட வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். வீட்டுக்கு வீடு போய்க் கேட்பது உள்ளூர்த் தொண்டரின் வேலை, நீங்கள் அவரோடு சேர்ந்து போகக்கூடாது. வெளிநாட்டுக்காரர் படியேறினால் எதிர்பார்ப்பு ஏறும், பதிலும் மாறும்.

அந்தப் பட்டியலில் எச்.ஐ.வி. நிலை என்று ஒரு பத்தி இருக்கவே கூடாது. எந்தப் பிள்ளை மாத்திரை சாப்பிடுகிறது என்பது மருத்துவமனைக்கும் வளர்ப்பவருக்கும் தெரிந்தால் போதும். பல பிள்ளைகளுக்கே அது என்ன மாத்திரை என்று இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள், வயது பார்த்துப் படிப்படியாகச் சொல்வதுதான் முறை. நீங்கள் வாய்தவறிச் சொல்லும் ஒரு வார்த்தை போதும். படமும் அப்படித்தான். 'அநாதை' என்று தலைப்பிட்டு முகத்தைப் போட்டால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுப்பார்கள். பிள்ளைகளின் தகவலைக் கையாள வளர்ப்பவரின் சம்மதம் வேண்டும் என்று 2019ஆம் வருடத்துத் தகவல் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

அடுத்தது கஞ்சி. பெரும்பாலான அமைப்புகள் காலையில் 'உஜி' ஊற்றுவார்கள். மக்காச்சோள மாவும் கேழ்வரகு மாவும் கலந்த கூழ். கேழ்வரகுக்குப் பிறந்த வீடே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான், அங்கிருந்துதான் நம் பானைக்கு வந்தது. ஆகவே "நான் சத்தாகச் சமைத்துக் காட்டுகிறேன்" என்று கரண்டியைப் பிடுங்காதீர்கள். அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும். அவருக்குத் தேவை கணக்கு.

அறுபது பிள்ளைகளுக்குத் தலைக்கு 300 மில்லி என்றால் 18 லிட்டர். லிட்டருக்கு 150 கிராம் மாவு போட்டால் 2.7 கிலோ. ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீர் கொதித்ததும் ஊற்றிக் கிண்ட வேண்டும். இது அவர்களுக்குத் தெரியாததல்ல. தவறு நடப்பது வேறு இடத்தில். வெளிநாட்டுக்காரர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அறுபது பேர் தொண்ணூறாகும். யாரையும் திருப்பி அனுப்ப மனசு வராது. தண்ணீர் சேரும். தொண்ணூறு பேருக்கும் கோப்பை நிரம்பும், ஆனால் லிட்டருக்கு 150 கிராம் இருந்தது 100 ஆகிவிடும். அந்தக் கோப்பைதான் அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முதல் சாப்பாடு. அதனால் தினம் வந்த தலைகளையும் போட்ட மாவையும் ஒரே தாளில் எழுத வையுங்கள். மாதக் கடைசியில் ஒன்றை ஒன்றால் வகுத்தால் கஞ்சி இளைத்த நாட்கள் தெரியும். நன்கொடையாளரிடம் மாவு கேட்கவும் அந்தத் தாள்தான் ஆதாரம்.

சோயா மாவு சேர்ப்பதென்றால் வறுத்து அரைத்ததா என்று பாருங்கள், பச்சைச் சோயா வயிற்றைக் கெடுக்கும். சோளத்தில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். 2004இல் மக்குவேனி, கிட்டுயி பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தின் அஃப்ளாடாக்சினால் 125 பேர் இறந்தார்கள். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஈரம் 13.5 சதவீதத்துக்குள் காய்ந்திருக்க வேண்டும், மூட்டையைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்கக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறது என்று ஈரச்சோளத்தை மொத்தமாக வாங்கிக் கொடுப்பதைவிட வாங்காமலிருப்பது நல்லது.

பணம் தர நினைத்தால், பாட்டிகள் நடத்தும் சீட்டுக் குழுவைக் கேளுங்கள். 'சாமா' என்பார்கள், நம்மூர் சீட்டேதான். ஆனால் வெளிப்பணத்தை அதற்குள் கொட்டாதீர்கள். சொந்தப் பணம் போட்டவரைக்கும்தான் ஒருவரையொருவர் கேள்வி கேட்பார்கள், தானப்பணம் வந்த மறுமாதம் கடன் திரும்பாது. இரும்புப் பெட்டி, மூன்று பூட்டு, பாஸ்புக் வாங்கிக் கொடுங்கள், போதும். அநாதைக் குழந்தைகளை வளர்க்கும் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு மாதம் 2,000 ஷில்லிங் தரும் திட்டம் 2004இலிருந்து இருக்கிறது. அதில் சேர வேண்டிய குடும்பம் எது, விட்டுப்போனது எது என்று பட்டியலெடுத்துக் கொடுப்பது உங்கள் நன்கொடையைவிடப் பெரிய உதவி.

புறப்படுமுன் சில விஷயங்கள். சுற்றுலா அனுமதியில் போய் வேலை செய்யக் கூடாது, சம்பளமில்லாத வேலையும் வேலைதான். 'ஸ்பெஷல் பாஸ்' மாதிரியான அனுமதிக்கு அமைப்பே விண்ணப்பிக்க வேண்டும். "டூரிஸ்ட்டாக வந்துவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிற அமைப்பு மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருக்கும். உங்களிடம் போலீஸ் சான்றிதழ் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்காவிட்டால், உங்களுக்கு முன்னால் வந்தவரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். அதுதான் பயம். மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்குப் பத்து நாள் முன்னாடியாவது போட வேண்டும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் தனிமை. ஏரிக்கரை முழுக்க மலேரியா, மருத்துவரைக் கேட்டுத் தடுப்பு மாத்திரை எடுங்கள். ஏரியில் குளிக்காதீர்கள், நத்தை வழியே பரவும் நத்தைக் காய்ச்சல் (பில்ஹார்சியா) புழு இருக்கிறது.

பெட்டி நிறையப் பழைய துணியும் வேண்டாம். அங்கே 'மிட்டும்பா' என்று பழந்துணிச் சந்தை ஊருக்கு ஊர் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இல்லாதது சீருடை, அது பள்ளிக்குப் பள்ளி நிறம் மாறும். அளவெடுத்து ஊர்த் தையல்காரரிடமே கொடுங்கள். கீழே மூன்று விரல் மடிப்பு உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், அடுத்த வருடம் பாட்டியே பிரித்து இறக்கிவிடுவார்.