துணைவேந்தரின் கதவும் நான் கேட்ட மன்னிப்பும்

‘யங் ஷெல்டன்’ தொடரை இரண்டாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2017 முதல் 2024 வரை ஏழு பருவங்கள் ஓடிய அமெரிக்கக் குடும்ப நகைச்சுவை. டெக்சாஸில் ஒரு மேதாவிப் பையன் 11 வயதில் பல்கலைக்கழகம் போகிறான். அம்மம்மா காரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார். இங்கே இலங்கையில் என்றால் உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி வந்து, வெட்டுப்புள்ளிக்குக் காத்திருந்து முடிவதற்குள் அவனுக்கு மீசை முளைத்திருக்கும்.

எல்லோரும் அந்தப் பையனின் வாய்க்குச் சிரிக்கிறார்கள். நான் பார்ப்பது பல்கலைக்கழகத் தலைவி ஹேகமெயரை. அவர் ஒன்றும் புண்ணியவதி இல்லை. மேதைப் பிள்ளையைக் காட்டிப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தேடுகிறவர்தான். ஆனாலும் எங்கள் ஊர்க் கணக்கில் துணைவேந்தருக்குச் சமமான அந்த அம்மாவின் முன்னால் ஒரு பொடியன் முறைப்பாட்டோடு போய் நிற்கிறான். அவர் சலித்துக்கொள்கிறார், பேரம் பேசுகிறார், சில நேரம் முடியாது என்கிறார். எதற்கும் முதலில் அவனைப் பேச விடுகிறார்.

பையன் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. லான்ஸ் ரெட்டிக் நடித்த பொறியியல் பேராசிரியர் அவனுடைய வேலையைத் திரும்பத் திரும்ப நிராகரிக்கும்போது நான் பேராசிரியர் பக்கம்தான். அவனுக்கு அது வேண்டும்.

போன வருடம் என் பெறாமகன், அக்காவின் மகன், ரியூசனில் ஒரு பிழை பிடித்தான். கரும்பலகையில் மறை மூன்றை (−3) மறை நான்கால் (−4) பெருக்கி மறை பன்னிரண்டு என்று எழுதப்பட்டிருந்தது. “சேர், விடை நேர் பன்னிரண்டு” என்று எழுந்து சொல்லியிருக்கிறான். “அப்படியென்றால் நீயே வந்து படிப்பி” என்று பதில் வந்தது. பின்வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்களாம்.

அக்கா வேலைக்குப் போயிருந்ததால் அடுத்த நாள் நான் போனேன். போய் என்ன செய்தேன்? “சின்னப் பிள்ளை, தெரியாமல் கதைத்துவிட்டான், மனதில் வைத்திருக்காதீர்கள் சேர்” என்றேன். சைக்கிளைப் பிடித்தபடி அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய கொப்பியில் அந்த மறை பன்னிரண்டு பேனையால் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில், பென்சிலால் மிகச் சிறிதாக, சரியான விடை.

என்னை அப்படிப் பேச வைத்தது பயம். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, தமிழ்மொழி மூலம் எழுதியவர்களுக்குப் பல்கலைக்கழகம் போகக் கூடுதல் புள்ளி வேண்டியிருந்தது. சில புள்ளிகளில் மருத்துவமும் பொறியியலும் கைநழுவிய பெரியப்பாமாரும் மாமாமாரும் இல்லாத தெரு யாழ்ப்பாணத்தில் குறைவு. 1974இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் எங்களுக்கென்று ஒரு பல்கலைக்கழக வளாகம் வந்தது. வந்தும் அந்தப் பயம் வீட்டை விட்டுப் போகவில்லை. புள்ளிதான் உயிர் என்றால் புள்ளி போடுகிறவர் கடவுள். கடவுளிடம் குறி பிழை என்று சொல்ல முடியுமா? கேள்வி கேட்கிற பிள்ளைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அதிகப்பிரசங்கி. அதே பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்தால் பதாகை அடித்துச் சந்தியில் கட்டுவோம்.

நேற்றிரவு அவனும் என்னோடு இருந்து ஒரு பகுதி பார்த்தான். நான் சிரித்த இடத்தில் அவன் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை ரியூசன் காசு கட்டப் போக வேண்டும். அவனையும் கூட்டிக்கொண்டு போய், அன்று கேட்ட மன்னிப்பை சேரிடமிருந்து திரும்ப வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.