பழியை வரி மேல் போட்டது போதும்

ஃபோக்ஸ்வாகன் ஐ.டி. பஸ் (Buzz) என்ற மின்சார வேனின் 2026 மாடல் அமெரிக்காவுக்கு வராது என்ற செய்தியை ஒட்டி நம் குழுவில் நடந்தது பெரும்பாலானோருக்குத் தெரியும். தெரியாதவர்கள் போய்த் தோண்ட வேண்டாம். "எல்லாம் டிரம்ப் போட்ட வரியால் வந்த வினை" என்று ஒரு அண்ணன் எழுதினார். வரியும் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் அது இல்லை என்று நான் நாலு வரி எழுதினேன். "இது கார் சமாச்சாரம்மா, உங்களுக்கு எதுக்கு?" என்று பதில் வந்தது. அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். போட்டவர்களில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்களும் உண்டு.

அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். நீளமாகத்தான் வரும்.

ஃபோக்ஸ்வாகன் இந்த நாட்டில் தடுமாறுவது முக்கியமாக வரியால் அல்ல. வண்டி ஓட்டுகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்டாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஜெர்மனியில் தலைமையகம் இருக்கும் வோல்ஃப்ஸ்பர்க்கில் முடிவெடுத்து, இதுதான் வண்டி, வாங்கிக்கொள் என்று கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். நாம் வாங்காவிட்டால் அமெரிக்கச் சந்தை கடினம் என்கிறார்கள்.

இந்த வேனையே பாருங்கள். இதே கம்பெனியின் பழைய மைக்ரோபஸ் வேன் மேல் அமெரிக்கர்களுக்கு இருக்கும் பாசம் ஊரறிந்தது. 2001-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் புது மைக்ரோபஸ் மாதிரி ஒன்றை வைத்தார்கள். ஜனங்கள் மொய்த்தார்கள். ஆனால் அந்த வண்டி கடைக்கு வரவே இல்லை. 2008-இல் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? கனடாவில் விண்ட்சர் ஆலையில் கிரைஸ்லர் செய்துகொண்டிருந்த மினிவேனின் முகத்தைக் கொஞ்சம் மாற்றி, தங்கள் சின்னத்தை ஒட்டி, 'ரூட்டான்' என்று பெயர் வைத்து விற்றார்கள். உங்கள் வேன் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இன்னொரு கம்பெனியின் வேன்! சில வருடங்களில் அதுவும் போனது. 2017-இல் மறுபடி டெட்ராய்ட், மறுபடி ஒரு மாதிரி, மறுபடி ஆரவாரம். ஐரோப்பாவில் 2022-இல் விற்க ஆரம்பித்த வண்டி இங்கே வந்து சேரும்போது 2024 முடியப்போகிறது. முதல் மாதிரியைப் பார்த்து ஆசைப்பட்டவர்களின் பிள்ளைகளே அதற்குள் லைசன்ஸ் எடுத்துவிட்டார்கள்.

வந்ததாவது ஒழுங்காக வந்ததா? ஆரம்ப விலையே 60,000 டாலர். முழு சார்ஜில் 234 மைல். அட்லாண்டாவிலிருந்து நாஷ்வில் ஏறக்குறைய 250 மைல். குடும்பத்தோடு பக்கத்து மாநிலம் போய்ச்சேர வழியில் ஒருமுறை நிறுத்தியாக வேண்டிய வண்டிக்கு அந்த விலை. அதே சமயம் டொயோட்டா சியன்னா சுமார் 40,000 டாலரிலிருந்து கிடைக்கிறது. ஹைப்ரிட் வேறு. பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம்.

அதோடு 2025-இல் இந்த வேனின் மூன்றாவது வரிசை இருக்கைக்காக ரீகால் வந்தது. இருக்கை மூன்று பேர் உட்காரும் அகலம், பெல்ட் இரண்டு பேருக்குத்தான். அமெரிக்க விதிப்படி அது தவறு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வேன்களைச் சரிசெய்ய அழைத்தார்கள், விற்பனையையும் நிறுத்தினார்கள். பின்வரிசையில் எத்தனை பிள்ளைகள் ஏறுவார்கள், யார் நடுவில் போய் நெருக்கி உட்காருவார்கள் என்று பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் எந்த அம்மாவைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை.

நான் அந்த வேனைப் பார்க்காமல் பேசுகிறேன் என்று நினைப்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் வேன் ஓட்டுவது நான். தமிழ்ப்பள்ளி, பரத வகுப்பு, கோயில், ஏர்ப்போர்ட் எல்லாம் நான்தான். அம்மா நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த சமயம் எல்லோருமாக அந்த வேனைப் பார்க்கப் போனோம். அம்மா ஏறி உட்கார்ந்து, பக்கத்துக் கதவை நகர்த்திப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு மெட்டடோர் மாதிரி இருக்குடி, காலை நீட்டலாம்" என்று சந்தோஷப்பட்டார். எனக்கும் மனசு போய்விட்டது. அப்படி ஒரு வண்டி அது. ஆனால் விற்பனையாளர் தொடக்கம் முதல் என் கணவரிடம்தான் பேசினார். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தது நான். சார்ஜ் எவ்வளவு நேரம், மூன்றாவது வரிசையை மடக்கினால் வீல்சேர் வைக்கலாமா என்று கேட்டதும் நான். பதில் எல்லாம் அவருக்குப் போனது. கடைசியில் கம்பெனி விலைக்கு மேல் அந்தக் கடைக்காரர் ஏற்றி வைத்திருந்த தொகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். கடை பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் இப்படிக் கடைகள் இருக்கின்றன.

இப்போது வரிக்கு வருகிறேன். "ஏப்ரல் 2025-இல் 25 சதவீதம் போட்டார்களே, ஜெர்மனியில் ஹனோவரில் செய்து வரும் வண்டி எப்படித் தாங்கும்?" என்கிறீர்கள். தாங்காதுதான். பிறகு ஐரோப்பாவுக்கு 15 சதவீதம் என்று இறங்கியது, அதுவும் பழைய இரண்டரை சதவீதத்துக்குப் பக்கத்தில் பெரிய சுமைதான். ஆனால் 60,000 டாலர் விலையும் 234 மைலும் வரிக்கு முன்பே முடிவானவை. மின்சார வண்டிக்கான 7,500 டாலர் சலுகை செப்டம்பர் 2025-இல் முடிந்ததைச் சொல்கிறீர்கள். வட அமெரிக்காவில் செய்யாத இந்த வேனை வாங்கினால் அந்தச் சலுகை முதலிலிருந்தே கிடையாது, லீஸ் எடுத்தால்தான் உண்டு. டென்னசி மாநிலத்துச் சாட்டனூகா ஆலையில் செய்த ஐ.டி.4 மின்சாரக் காருக்கு அது பெரிய அடி, ஒப்புக்கொள்கிறேன். வேனுக்கு அந்தக் கதை செல்லாது.

வரி இவர்களுக்குப் புதிதுமில்லை. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்ட கோபத்தில் அதிபர் ஜான்சன் ஆட்சி 1964 முதல் இறக்குமதியாகும் சின்ன டிரக்குகளுக்கு 25 சதவீதம் போட்டது. நேராக அடிபட்டது ஃபோக்ஸ்வாகனின் சரக்கு வேனும் பிக்கப்பும்தான். அந்த வரி இன்னும் இருக்கிறது. அறுபது வருடம் முன்பே வேன் விஷயத்தில் சூடு பட்ட கம்பெனி, மறுபடி ஒரு வேனை ஜெர்மனியில் செய்து கப்பலில் அனுப்புகிறது என்றால் அது யார் குற்றம்?

கொரியர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க எனக்கு வெகுதூரம் போக வேண்டாம். இதே ஜார்ஜியாவில் வெஸ்ட் பாயிண்டில் 2009 முதல் கியா ஆலை ஓடுகிறது. அமெரிக்கக் குடும்பத்துக்கு மூன்று வரிசை வேண்டும் என்று டெல்லூரைட் அங்கே செய்தார்கள். மூன்று வரிசை மின்சார வண்டி இ.வி.9-ஐயும் அங்கேயே செய்கிறார்கள். பி.எம்.டபிள்யூ 1994 முதல் தென் கரோலினாவில் இருக்கிறது. அவர்களுக்கும் இதே வரிதான், இதே டிரம்ப்தான்.

"அமெரிக்காக்காரனுக்குப் பெரிய டிரக்தான் பிடிக்கும், நல்ல ஐரோப்பிய வண்டியின் அருமை தெரியாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். 1970-இல் ஒரே வருடத்தில் 5 லட்சத்து 69 ஆயிரம் ஃபோக்ஸ்வாகன் வாங்கியது யார்? 1949-இல் இரண்டே பீட்டில் விற்ற கம்பெனி இருபது வருடத்தில் அங்கே போய் நின்றது. அப்போது ஒரு ஊரில் வண்டி விற்கும் முன் உதிரிபாகமும் மெக்கானிக்கும் தயாரா என்று பார்த்தார்கள். வாங்கியவர் நடுரோட்டில் நிற்கக்கூடாது என்ற அக்கறை இருந்தது. அதே கம்பெனி 1993-இல் 50,000 வண்டி கூட விற்கவில்லை. ஜனங்கள் மாறினார்கள், இவர்கள் கவனிக்கவில்லை. பிறகு 2018-க்குள் வருடம் 8 லட்சம் விற்போம் என்று இலக்கு வைத்தார்கள். அந்த வருடம் விற்றது மூன்றரை லட்சம். மூன்று வரிசை அட்லஸ் சாட்டனூகாவிலிருந்து வெளியே வந்ததே 2017-இல்தான். வந்ததும் விற்றது. கேட்டதைக் கொடுத்தால் வாங்குகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரே ஒருவர் மட்டும் நியாயமாகக் கேட்டார். "பென்சில்வேனியாவில் அமெரிக்கர்களுக்கு ஏற்ற மாதிரி செய்தார்களே, அது ஏன் தோற்றது?" 1978-இல் அங்கே வெஸ்ட்மோர்லாந்தில் ஆலை திறந்து ராபிட் என்ற சின்னக் காரைச் செய்தார்கள். ஸ்பிரிங்கை மெத்தென்று ஆக்கினார்கள், உள்ளே அலங்காரத்தை மாற்றினார்கள். ஃபோக்ஸ்வாகனை ஃபோக்ஸ்வாகனாக விரும்பி வாங்கியவர்களுக்கே அது பிடிக்காமல் போனது. அமெரிக்கர்கள் இப்படித்தான் என்று தாங்களாக முடிவு கட்டியதை, ஜனங்களிடம் கேட்டுச் செய்தது என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். 1988-இல் ஆலையை மூடினார்கள்.

டீசல் மோசடியை எடுத்தால் "எல்லாக் கம்பெனியும்தான் செய்யுது" என்கிறார்கள். இதற்கு என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியாது. சுத்தமான டீசல் என்று விளம்பரம் செய்து, சோதனைக்கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வைத்து, சாலையில் நைட்ரஜன் ஆக்சைடை அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை கக்கும் வண்டிகளை விற்றார்கள். உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் வண்டி. சாலையில் ஓட்டி அளந்து பார்த்தது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சின்னக் குழு. அதில் அரவிந்த் திருவேங்கடமும் ஒருவர், அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. 2015 செப்டம்பரில் அம்பலமானது. அடுத்த வருடம் அமெரிக்காவில் ஒப்புக்கொண்ட முதல் தீர்வே 1,470 கோடி டாலர். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நம்பித்தான் அந்த மக்கள் டீசல் வாங்கினார்கள். அவர்களைப் போன்ற விசுவாசமான வாடிக்கையாளர் எந்தக் கம்பெனிக்குக் கிடைப்பார்கள்? அவர்களைப் போய் ஏமாற்றினார்கள்.

சரி, அதன் பிறகாவது? இன்று அமெரிக்காவில் குடும்பங்கள் தேடுவது ஹைப்ரிட். டொயோட்டா சியன்னாவில் 2021 முதல் ஹைப்ரிட் தவிர வேறு கிடையாது. 2025-இல் இங்கே ஃபோக்ஸ்வாகன் பெயரில் ஒரு ஹைப்ரிட் கூட விற்பனையில் இல்லை. ஐ.டி.4-இல் நாலு ஜன்னலுக்கு டிரைவர் பக்கம் இரண்டே சுவிட்ச். பின் ஜன்னலை இறக்க முதலில் ஒரு தொடுபொத்தானை அழுத்த வேண்டும். ஓடும் வண்டியில், பின்னால் பிள்ளை வாந்தி எடுக்க வருகிறது என்று அலறும்போது, அந்தப் பொத்தானைத் தேட வேண்டும். தொடுபொத்தான்களால் கெட்டபெயர் வந்தது என்று பிராண்டின் தலைவர் தாமஸ் ஷேஃபரே ஒப்புக்கொண்டுவிட்டார். விற்பதற்கு முன்பு ஒருவரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"கம்பெனி உங்களுடையதா, ஏன் இவ்வளவு பதறுகிறீர்கள்?" என்று நேற்று இன்பாக்ஸில் ஒருவர். ஆமாம், பதறுகிறேன். நாஷ்வில் போகும்போதெல்லாம் இவர்கள் ஆலை இருக்கும் சாட்டனூகா வழியாகத்தான் போகிறோம். அந்த ஆலையை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. தங்களையும் கேட்க வேண்டும் என்பதற்காக அந்தத் தொழிலாளர்கள் 2014-இல் யூனியனுக்கு வாக்கெடுப்பு வைத்துத் தோற்றார்கள், 2019-இல் மறுபடி தோற்றார்கள், 2024 ஏப்ரலில் 2,628-க்கு 985 என்று ஜெயித்தார்கள். மாநில ஆளுநரே எதிர்த்தும் ஜெயித்தார்கள். அதே வருடம் ஐ.டி.4-இன் கதவுக் கைப்பிடிக்குள் தண்ணீர் இறங்கி, ஓடும்போது கதவு திறந்துகொள்ளலாம் என்று 98,000 வண்டிகளுக்கு ரீகால் வந்தது. உற்பத்தி நின்றது. தொழிலாளர்களில் ஒரு பகுதியை வீட்டில் உட்கார வைத்தார்கள். கைப்பிடியை வடிவமைத்தது சாட்டனூகாவில் வண்டி பூட்டுகிறவர் இல்லை. ஆனால் சம்பளம் குறைந்தது அவருக்கு. வரி, வரி என்று நீங்கள் எழுதும்போது வோல்ஃப்ஸ்பர்க்கில் முடிவெடுத்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அதில்தான்.

இனி வழியே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. தென் கரோலினாவில் ப்ளைத்வுட்டில் ஸ்கவுட் என்ற தங்கள் தனிப் பிராண்டுக்காக 200 கோடி டாலருக்கு ஆலை கட்டுகிறார்கள். வண்டிகளை 2024 அக்டோபரில் காட்டினார்கள், பிக்கப் ஒன்று, எஸ்.யு.வி. ஒன்று. பேட்டரியோடு சார்ஜ் ஏற்ற ஒரு பெட்ரோல் இன்ஜினும் வைத்துத் தரலாம் என்றதும் முன்பதிவு செய்தவர்களில் பெரும்பாலானோர் அதைத்தான் கேட்டார்கள். அதைக் கம்பெனியே வெளியில் சொல்கிறது. அங்கேயாவது காது திறந்திருக்கிறது. டீலர் இல்லாமல் நேராக விற்கும் திட்டத்துக்கு எதிராகச் சொந்த டீலர்களே வழக்குப் போட்டிருக்கிறார்கள், அது தனிக் கதை. 60,000 டாலருக்குள் ஆரம்பம் என்று அன்று சொன்ன விலையில் அந்த வண்டி கடைக்கு வருகிறதா என்று பார்க்கலாம். அட்லஸிலும் ஒரு ஹைப்ரிட் வேண்டும். சாட்டனூகாவிலேயே செய்து, பின்வரிசையில் மூன்று பெல்ட்டும், நாலு ஜன்னலுக்கு நாலு சுவிட்சும், 45,000 டாலருக்குப் பக்கத்தில் விலையும் வைத்தால் எங்கள் தெருவிலேயே மூன்று குடும்பம் வாங்கும். மூன்று வீட்டிலும் ஓட்டுவது பெண்கள்தான்.