ஒரு சிட்டிகை உப்பு

தம்பி: பாத்தீங்களாம்மா, இது உங்க வீட்டுத் தண்ணி. ஒரே நிமிஷத்துல செங்கல் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. பக்கத்துல எங்க ஆர்.ஓ. சுத்திகரிப்பு மெஷின் தண்ணி, கண்ணாடி மாதிரி அப்படியே நிக்குது.

அம்மா: கம்பிய உள்ள விடறதுக்கு முன்னாடி ரெண்டு டம்ளரும் ஒரே மாதிரிதானேப்பா இருந்துச்சு?

தம்பி: அழுக்கு உள்ள ஒளிஞ்சிருக்கும்மா. கரண்ட் குடுத்தாத்தான் வெளிய வரும்.

அம்மா: கரண்ட் குடுத்தா செய்யாத தப்பைக்கூட ஒத்துக்குவாங்க. சரி, உன் டம்ளர்ல ஒரு சிட்டிகை உப்பப் போட்டு மறுபடி கம்பிய விடு.

தம்பி: உப்பு எதுக்கும்மா? மீட்டரப் பாருங்க. உங்க தண்ணி 310, எங்களுது 28.

அம்மா: 310 என்னது?

தம்பி: அழுக்கும்மா.

அம்மா: தலை எண்ணிச் சொல்லுதா? அது லிட்டருக்கு 310 மில்லிகிராம் கரைஞ்ச உப்பு தம்பி. கால்சியம், மெக்னீசியம், சோடியம்னு எல்லாம் சேத்து. குடிதண்ணிக்கான ஐ.எஸ். 10500 தரத்துல 500 வரைக்கும் சரிங்கிறான். வேற தண்ணிக்கு வழியே இல்லாத ஊர்ல 2000 வரைக்கும் விடறான். உப்பு எடுத்துட்டு வரவா?

தம்பி: வேணாம்மா. மீட்டர் பொய் சொல்லாதும்மா.

அம்மா: அப்ப அத இந்த டம்ளர்ல வை.

தம்பி: 33. இதுவும் எங்க தண்ணி மாதிரியே சுத்தமா இருக்கே?

அம்மா: உன் தண்ணிதான். 200 மில்லில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கலக்கியிருக்கேன். பத்து கிராம். கரைஞ்சதையெல்லாம் கணக்கெடுக்கற மீட்டர்னா 50,000 காட்டணும்.

தம்பி: ...அஞ்சு ஏறியிருக்கேம்மா.

அம்மா: அது சர்க்கரைல ஒட்டிக்கிட்டிருக்கற உப்பு. உன் மீட்டர் அதோட ரெண்டு ஊசிக்கு நடுவுல கரண்ட் எவ்வளவு போகுதுன்னு பாத்து, அத ஒரு எண்ணால பெருக்கிக் காட்டுது, அவ்வளவுதான். சர்க்கரைல கரண்ட் போகாது, அதனால மீட்டருக்குத் தெரியாது. காலராக் கிருமியும் தெரியாது.

தம்பி: சரிம்மா, மீட்டர விடுங்க. இந்தச் செவப்பு எங்கருந்து வந்துச்சு? கண்ணால பாத்தீங்கல்ல?

அம்மா: பாத்தேன். உன் கம்பியையும் பாத்தேன். புதுசுல இப்படித்தான் சாப்பிட்டுப் போட்ட முருங்கைக்கா மாதிரி இருந்துச்சா?

தம்பி: அது தேயும்மா. அடிக்கடி மாத்துவோம்.

அம்மா: அழுக்கு தண்ணிலேருந்து வருதுன்னா கம்பி ஏன் தேயுது?

தம்பி: ...

அம்மா: அது இரும்புக் கம்பி. கரண்ட் போகும்போது இரும்பு கரைஞ்சு தண்ணிக்குள்ள வருது, ஆக்சிஜனோட சேந்து துருவாகுது. எங்க தண்ணில உப்பு இருக்கு, கரண்ட் போகுது, துரு வருது. உன் தண்ணில உப்பு இல்ல, கரண்டும் போகல, கம்பி சும்மா குளிச்சிட்டு வருது. ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு, ஒரு சிட்டிகை உப்பு...

தம்பி: உப்புப் போட்டா அது எங்க தண்ணியே இல்லம்மா, உப்புத் தண்ணி.

அம்மா: போட்டுட்டேன். இப்ப ஆன் பண்ணு.

தம்பி: ...

அம்மா: என்ன கலர்?

தம்பி: லைட்டா... பச்சையா வருதும்மா.

அம்மா: இரும்பு மொதல்ல அப்படித்தான் வரும். இரு.

தம்பி: செவக்குதும்மா.

அம்மா: இப்ப அதே மெஷின் தண்ணிய எங்கிட்ட எவ்வளவுக்கு விப்ப?

தம்பி: அப்ப மெஷினே வேஸ்டுங்கறீங்களா?

அம்மா: நான் எங்க சொன்னேன்? போர் தண்ணி உப்புக் கரிக்கற வீட்டுக்குக் கொண்டு போ. தருமபுரிப் பக்கம் ஃப்ளோரைடு இருக்கற கிணத்துக்குக் கொண்டு போ. ஃப்ளோரைடு கொதிக்க வெச்சாலும் போகாது, இந்த மெஷின் எடுக்கும். அங்க போகாம, லாரித் தண்ணிக்குக் கொடத்த வரிசைல வெக்கற தெருவுல வந்து, ஒரு கொடம் குடிக்க மூணு கொடம் சாக்கடைக்கு விடற மெஷின விக்கற. கிருமிக்குப் பயந்தா நான் தண்ணியக் கொதிக்க வெச்சுக்கறேன்.

தம்பி: நான் கெளம்பறேம்மா.

அம்மா: வெயில்ல வந்திருக்க. இந்த 33 காட்டுன தண்ணியக் குடிச்சிட்டுப் போ.

தம்பி: வேணாம்மா, எனக்கு சர்க்கரை இருக்கு.

அம்மா: மீட்டர்ல காட்டலியே?