எட்சிங் கரைசலைச் சிங்க்கில் ஊற்றலாமா?

மின்சுற்றுப் பலகை (சர்க்யூட் போர்டு) செய்யும்போது, அதில் வேண்டாத செம்பை ஃபெரிக் குளோரைடு கரைசலில் கரைத்து எடுப்பதுதான் எட்சிங். “ஃபெரிக் குளோரைடு வெறும் இரும்பு உப்புதான், குடிநீர் சுத்திகரிப்பிலேயே போடுகிறார்கள், எட்சிங் முடிந்ததும் தண்ணீர் கலந்து சிங்க்கில் ஊற்றிவிடலாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. ஆனால் போர்டை முக்கி எடுத்தபின் அது பழைய கரைசல் இல்லை. போர்டிலிருந்து போன செம்பு அத்தனையும் அதற்குள்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண போர்டில் செம்புப் படலம் 35 மைக்ரான். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில் பாதிச் செம்பு கரைந்தாலே சுமார் 1.5 கிராம். குடிநீரில் செம்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். அந்த அளவுக்கு நீர்க்க வேண்டுமானால் 750 லிட்டர் தண்ணீர் வேண்டும், அதுவும் ஒரே போர்டுக்கு! மீன்களும் பாசிகளும் அதைவிடக் குறைந்த செம்பைக்கூடத் தாங்காது. அப்புறம் உலோகக் குழாய் இருந்தால் அதையும் இது அரிக்கும். செம்பைத் தின்னவே வாங்கிய கரைசல் ஆயிற்றே.

இன்னொன்று, ஒரு போர்டோடு அதன் ஆயுள் முடிவதில்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி வைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம், மூடியும் பிளாஸ்டிக்தான். செம்பைக் கரைக்கும் வேகம் ரொம்பவே குறைந்தபின், சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள் (நுரைத்துப் பொங்கும், பெரிய வாளி எடுங்கள்). செம்பு வண்டலாக அடியில் தங்கும். அந்த வண்டலையும் குப்பையில் போடாமல், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.