ராயபுரத்து மணல்

மதுரையிலிருந்து பேத்தி வந்திருக்கிறாள். மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கையோடு ரயிலேற்றி விட்டார்கள். வந்த மறுநாளே மெரினா போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நாலரை மணிக்கு, வெயில் இன்னும் தணியாத நேரத்தில், ஐஸ் ஹவுஸுக்கு எதிரே மணலில் இறங்கினோம். புது ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று வேறு அடம். நடக்கிறோம், நடக்கிறோம். பஜ்ஜிக் கடைகள் முடிந்தன. ராட்டினம் முடிந்தது. பலூன் சுடுகிறவர், குதிரைக்காரர், சோளம் சுடும் அம்மா எல்லோரையும் தாண்டியாயிற்று. கடல் வந்தபாடில்லை.

"பீச்சுன்னு சொல்லிட்டுப் பாலைவனத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களே தாத்தா" என்றாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் முப்பது வருஷமாக நான் எழுதிக்கொண்டிருப்பதெல்லாம் கிட்டத்தட்ட இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல்சார் வரலாறு என்று சொன்னால் சொந்தக்காரர்கள் "ஹார்பர்லயா வேலை?" என்று கேட்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் என்றால் அடுத்த கேள்வி எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. மிஞ்சிப் போனால் அரைமணி நேரத்து வேலை. அதற்கே ஒரு புதுச் சொல் தமிழுக்குக் கிடைத்துவிட்டது. சாமர்த்தியக்காரனைப் பார்த்து இன்றும் "சரியான எம்டன்டா அவன்" என்கிறோம். அதில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்ற கதையையும் யாராவது கட்டாயம் எடுப்பார்கள். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார், எம்டனில் இல்லை. இதைச் சொன்னால் என் தேசபக்தியையே சந்தேகிப்பார்கள். சரி, அதை விடுங்கள். அரைமணி நேரம் குண்டு போட்ட கப்பலுக்குக் கல்வெட்டு வைத்த ஊரில், நூற்றைம்பது வருஷமாகக் கரையையே இடம் மாற்றிக்கொண்டிருக்கும் ஒரு காரியத்துக்கு ஒரு பலகைகூடக் கிடையாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நாங்கள் இறங்கிய இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் ஹவுஸ், அதாவது இன்றைய விவேகானந்தர் இல்லம், 1842 வாக்கில் கட்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் பனிக்காலத்தில் வெட்டிய ஐஸ் கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து விற்றார்கள். படகிலிருந்து தலைச்சுமையாகத் தூக்கி வந்து இந்தக் கட்டடத்துக்குள் அடுக்குவது வழக்கம். மெட்ராஸ் வெயிலில் ஐஸ் கட்டியை எவ்வளவு தூரம் சுமக்க முடியும்? கடல் பக்கத்தில் இருந்தது, அதனால்தான் கட்டடம் அங்கே வந்தது. இன்று அதன் வாசலிலிருந்து அலை வரைக்கும் அரை கிலோமீட்டர் இருக்கும். நடுவில் ஒரு சாலை, அப்புறம் முழுக்க மணல். மெரினாவின் அகலம் சில இடங்களில் 400 மீட்டரைத் தாண்டுகிறது. இதில் பெரும்பகுதி 1876-க்குப் பிறகு வந்து சேர்ந்தது.

எங்கிருந்து வந்தது? தெற்கிலிருந்து. நம் கரையோரம் மணல் ஓர் இடத்தில் நிற்காது. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலையும் நீரோட்டமும் அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது கொஞ்சம் தெற்கே திருப்பும். நம்மூர் மீனவர்கள் இந்த நீரோட்டங்களைத் தெண்டி, வன்னி என்று பெயர் சொல்லியே பேசுவார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணலின் பயணம் வடக்கு நோக்கித்தான். அந்தப் பாதையின் குறுக்கே கடலுக்குள் நீட்டிக் கல்லால் இரண்டு கைகளைக் கட்டினால் என்ன ஆகும்? தெற்குப் பக்கம் மணல் மோதி நின்று குவியும். வடக்குப் பக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராது. அங்கே அலை அரித்து எடுத்துக்கொண்டு போவது மட்டும் நிற்காமல் நடக்கும். இருப்பில் போடுவதற்கு ஆளில்லை, எடுப்பதற்கு மட்டும் ஆள் இருக்கிறது.

அந்தக் கல் கைகள்தான் சென்னைத் துறைமுகம்.

ஏன் கட்டினார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். மெட்ராஸுக்கு இயற்கைத் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வருவது மசூலாப் படகில், சலங்கு என்றும் சொல்வார்கள். ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தேங்காய் நாரால் தைத்த படகு. ஆணி அடித்த படகு அலையில் அடிபட்டால் பிளந்துவிடும்; தைத்தது நெளிந்து கொடுக்கும். வெள்ளைக்காரத் துரைமார்களும் துரைசானிகளும் அதில் தொப்பலாக நனைந்து, கடைசியில் படகுக்காரர் தோளில் உட்கார்ந்து கரையிறங்கியதைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தோள் கொடுத்தவர்கள் எழுதிவைக்கவில்லை, அல்லது எழுதியது நம் கைக்கு வரவில்லை.

1861-ல் கப்பல் சரக்கை இறக்கக் கடலுக்குள் நீளும் ஓர் இரும்புப் பாலம் கட்டிப் பார்த்தார்கள், போதவில்லை. 1876-ல் துறைமுக வேலை தொடங்கியது. மணல் அடைக்குமா அடைக்காதா என்ற வாக்குவாதம் அப்போதே இருந்தது. 1881 நவம்பர் புயல் கட்டியதில் பாதியை உருட்டிப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கிழக்கே பார்த்த வாசலில் அலையும் மணலும் தொல்லை கொடுக்க, 1904-ல் துறைமுகத் தலைவராக வந்த ஸ்பிரிங் துரை அதை மூடிவிட்டு வடகிழக்கில் வாசல் வைத்தார். இதற்கிடையே 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப், தெற்கே விரிந்துகொண்டிருந்த கரையில் உலாவும் பாதை போட்டு, இத்தாலி நினைப்பில் மெரினா என்று பெயரும் வைத்துவிட்டார். துறைமுகம் வளர வளர மெரினாவும் வளர்ந்தது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

இனி வடக்கே வாருங்கள், நான் குடியிருக்கும் பக்கம். ராயபுரம் என்ற பெயர் ராயப்பரிடமிருந்து வந்தது; நம்மூர்க் கிறிஸ்தவத் தமிழில் ராயப்பர் என்றால் புனித பேதுரு. அவருடைய கோயிலைக் கட்டியவர்கள் அந்த மசூலாப் படகுக்காரர்கள். படகுக்கூலியில் மகமை எடுத்து வைத்துச் சேர்த்த பணம். பேதுருவும் மீன்பிடித்தவர்தானே, பொருத்தமான சாமி. துறைமுகம் வந்தது, கப்பல் நேராகக் கரையணைந்தது, மசூலாவுக்கு வேலை போயிற்று. அது முதல் அடி. தொழில் போனால் மீன்பிடித்துப் பிழைக்கலாம், கரையாவது இருக்கிறதே என்று நினைத்திருப்பார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் போயிற்று. துறைமுகத்தின் வரலாறு என்று என்னைக் கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

போன மாதம் காசிமேட்டுக்கு வடக்கே, கல் கொட்டி வைத்திருக்கும் இடத்தில் ஒரு பெரியவர் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். மணல் இல்லாததால் கல்லின் மேலேயே விரித்துப் போட்டிருந்தார். பழைய குப்பம் எதுவரைக்கும் இருந்தது என்று கேட்டேன். வலையூசியைக் கீழே வைக்காமலே அதைக் கடல் பக்கம் நீட்டினார். "எங்க பாட்டி வூடு அந்தக் கல்லுக்கு அந்தாண்ட சார். வூட்டுக்கு அந்தாண்ட கோயிலு. கோயிலுக்கு அந்தாண்ட கட்டுமரம் ஏத்துற எடம். அதுக்கு அந்தாண்டதான் கடலு." நாலு அந்தாண்ட. நான் பார்த்த இடத்தில் வெறும் தண்ணீர், கொஞ்சம் நுரை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நான் பார்த்த எந்த வரைபடமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

என் கோபமெல்லாம் ஒரு சொல்லின் மேல். ஒவ்வொரு வருஷமும் இந்தப் பக்கம் சுவர் இடிந்தால் செய்தியில் "கடல் சீற்றம்" என்று வருகிறது. ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதிகாரி ஒருவர் திரையில் "இயற்கைப் பேரிடர்" என்று போட்டுக் காட்டினார். எழுந்து துறைமுகம் வந்த கதையைச் சொல்லத் தொடங்கினேன். "சார், பழைய கதை வேண்டாம், தீர்வைச் சொல்லுங்க" என்றார். கடல் ஏன் சீற வேண்டும்? அது பாட்டுக்கு அரித்துக்கொண்டிருக்கிறது, எப்போதும் போல. ஈடுகட்ட வந்துகொண்டிருந்த மணலை வழிமறித்தது நாம். அதைச் சீற்றம் என்று எழுதினால் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள், நிவாரணம் மட்டும் கேட்பார்கள்.

தீர்வு என்று அவர்கள் சொல்வது கல். சுவர் மாதிரிக் கொட்டுவது, இல்லையென்றால் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்வரிசை. சில இடங்களில் பலன் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே கல் போட்டால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. அவர்களும் கல் கேட்கிறார்கள். கல் விழுந்த கரையில் கட்டுமரம் ஏற்ற முடியாது, கரைவலை இழுக்க முடியாது, பிள்ளைகள் விளையாட முடியாது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்தபிறகு அவர்களுடைய நகரக் கடற்கரையே காணாமல் போய், வெறும் பாறை மிஞ்சியது. கடலுக்கடியில் தடுப்பு வைத்து, மணலும் கொட்டி, 2018-க்குப் பிறகுதான் ஒரு துண்டுக் கரை திரும்பியது. விசாகப்பட்டினத்தில் தெற்கே சேரும் மணலை வாரி நகரக் கடற்கரையில் கொட்டுவது பல காலமாக நடக்கிறது. செய்ய முடியாத காரியம் இல்லை. நாம்தான் எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று வடக்கே மேலும் மேலும் கைகளை நீட்டிக்கொண்டிருக்கிறோம், மணல் செலவை எந்தக் கணக்கிலும் எழுதாமல்.

நான் துறைமுகத்துக்கு விரோதி இல்லை. டிசம்பர் 31 நள்ளிரவில் உள்ளே நிற்கும் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து சங்கு ஊதும்போது மொட்டைமாடியில் நின்று கேட்காத வருஷம் கிடையாது. நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இங்கே ஏறி இறங்கிய காலத்தில் கொடியில் காயும் வேட்டி கறுத்துப் போகும்; நீதிமன்றம் தலையிட்டு 2011-ல் அது எண்ணூருக்குப் போனது. நாங்கள் வேட்டி வெளுத்த சந்தோஷத்தில் இருந்தோம். எண்ணூர்க்காரர்கள் வேட்டியை யார் பார்த்தார்கள்?

திரும்பும்போது ஆட்டோ ராஜாஜி சாலை சிக்னலில் நின்றது. பேத்தி பலகையைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "சென்னை கடற்கரை." எட்டிப் பார்த்தாள். ரயில் நிலையம், எதிரே மதில், கன்டெய்னர் லாரிகள்.

"இங்க எங்க தாத்தா கடற்கரை?"

முன்னே இருந்தது என்றேன். வெளியூர் ஆட்கள் தாம்பரத்தில் ஏறி "பீச்" என்று நம்பி வந்து இறங்கி, கடல் எங்கே என்று கேட்டு நிற்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தாள். இரண்டிலுமாகச் சேர்த்து நல்ல ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. மெரினாவில் நின்றுபோகாமல் இருந்திருந்தால் நேராக எங்கள் கரைக்கு வந்திருக்க வேண்டிய மணல். எப்படியோ ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்துவிட்டதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்பத்தானே கூட்டினேன்" என்று திட்டிக்கொண்டே வந்த பாட்டி, துடைப்பத்தால் அதைத் தெருவுக்குத் தள்ளிவிட்டாள்.