கரி பூசாமல் கூப்பிட்டிருக்கலாம்

சரி, அந்தப் பாடசாலை நடன வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எந்தப் பாடசாலை என்று எழுதப் போவதில்லை, உள்பெட்டியில் கேட்கவும் வேண்டாம். ஒன்பது பிள்ளைகள். முகம் முழுக்கக் கறுப்பு மை, தலையில் கம்பளி நூல் முடி, இடுப்பில் ஓலை. பின்னால் பைலாப் பாட்டு. மைக்கில் ஒரு குரல்: "நமது மாவட்டத்தின் ஆபிரிக்கச் சகோதரர்களைக் கௌரவிக்கும் நடனம்." கௌரவமாம்!

அந்தச் சகோதரர்கள், நாம் காப்பிரி என்று சொல்லும் ஆபிரிக்க வழிச் சனம், சிறாம்பியடியில் இருக்கிறார்கள். புத்தளம் டவுனுக்குப் பக்கத்தில்தான், ஆட்டோவில் போய் வரலாம். கூப்பிட்டிருக்கலாம்.

அவர்களின் முன்னோரை ஆபிரிக்காவில் இருந்து போர்த்துக்கேயன் கொண்டுவந்தான், பிறகு ஒல்லாந்தன், பிறகு வெள்ளைக்காரன். கோட்டை கட்ட, சண்டை பிடிக்க, எல்லாவற்றுக்கும் அவர்கள் வேண்டும். வெள்ளைக்காரனுடைய மூன்றாவது இலங்கைப் படையணியில் இருந்து, பிறகு புத்தளத்தில் குடியேறியவர்களின் வழிவந்த சனம்தான் சிறாம்பியடியில் இருப்பது. கொழும்பில் கொம்பனித்தெருவை 'ஸ்லேவ் ஐலன்ட்', அதாவது அடிமைத் தீவு, என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறி இறங்கினோமே, அந்த அடிமை யார் என்று ஒருநாளாவது யோசித்தோமா? ஆனால் கலியாண வீட்டில் பைலா போடாமல் எந்தச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார்? அந்தத் தாளத்தில் பறங்கியரின் பங்கு இருக்கிறது, இவர்களின் பங்கும் இருக்கிறது. 'கப்ரிஞ்ஞா' என்ற ஆட்டத்தின் பெயரிலேயே இருக்கிறார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா உப்பளத்தில் வேலை. அவருடைய கூட்டாளி வீட்டில் ஞானஸ்நானம் என்று சிறாம்பியடிக்குக் கூட்டிப் போனார். சாப்பாடு முடிந்ததும் ஒரு ஆச்சி வெறும் போத்தலை மடியில் வைத்துக் கரண்டியால் தட்டத் தொடங்கினார். ஒருவர் ரபானா மேளத்தை எடுத்தார், இன்னொருவர் இரண்டு சிரட்டை. மஞ்ஞா, அதுதான் அவர்களுடைய பாட்டு. மெதுவாகத்தான் தொடங்கும். அப்புறம் ஏறும், ஏறும், நிற்கவே முடியாது. போர்த்துக்கேயம் கலந்த கிரியோல் மொழி வரிகள். "என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். ஆச்சி சிரித்தார், "பாதிதான் தெரியும் மகன், மீதி அம்மா பாடினது" என்றார். அந்தப் போத்தலை எந்த மேடையிலும் நான் பிறகு பார்க்கவில்லை.

"வேடம்தானே, கூத்தில் இராவணன் வேடம் போடுவதில்லையா?" என்று, இது பிழை என்று நான் சொன்னதற்கு ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணே, இராவணன் பக்கத்து ஊரில் இருந்தால் அவரையும் கூப்பிடத்தான் சொல்வேன்.

"அவர்களே தங்களைக் காப்பிரி என்றுதானே சொல்கிறார்கள், உனக்கு ஏன் சுடுகிறது?" சொல்கிறார்கள்தான். அவர்கள் சொல்லட்டும். நீங்கள் அதை எந்தத் தொனியில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், விடுங்கள்.

"பிள்ளைகள் ஒரு மாதம் பழகினது வீணா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள்.

எனக்கு ஏன் சுடுகிறது என்றால், வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் அம்மம்மா வாசலில் வைத்தே "வந்திட்டான் காப்பிரி" என்பார். செல்லமாகத்தான். பெரியம்மாவின் மகன் வெள்ளை, அவனுக்குப் பெயரே 'ராசா'. பதினாறு வயதில் முகக் கிறீம் வாங்கக் காசு சேர்த்தவன் நான். கனடாவில் இருந்து எனக்கு நிறவெறி பற்றி வகுப்பெடுக்கும் மச்சான்மாரே, பக்கத்து வீட்டு ஜமைக்காக்காரரை வீட்டுக்குள் என்ன பெயர் சொல்லிக் கதைப்பீர்கள் என்பதையும் கொஞ்சம் எழுதுங்களேன்.

இன்னும் ஒன்று, மறைக்கவில்லை. அந்த ஒன்பது பேரில் மூன்றாவதாக நிற்பது என் மகள். மையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். 'ஆபிரிக்க நடனம், கறுப்பு மை கொண்டுவரவும்' என்று குறிப்புப் புத்தகத்தில் இருந்தது, கையெழுத்துப் போட்டேன். மண்டபத்தில் பார்க்கும்வரை எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. ஆச்சியின் போத்தல்கூட ஞாபகம் வரவில்லை.

மூன்று நாளாகிறது. அவளுடைய காதுக்குப் பின்னால் இன்னும் கறுப்பு இருக்கிறது. தேங்காய் எண்ணெய்க்கும் போகவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.